சதுரங்கப் பலகையில் ஏழு பகா எண்கள்

1,84,46,74,40,73,70,95,51,615.

இருபது இலக்கங்கள். நம் வழக்கில் சொன்னால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்துச் சொச்சம் கோடி கோடி. பெயராகத் தெரியாவிட்டாலும் கதையாக இந்த எண் நம் எல்லோருக்கும் தெரியும். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரிடம் அரசன் என்ன வேண்டும் என்று கேட்கிறான். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டங்களுக்கும் தானியம் கொடுத்தால் போதும் என்கிறார் அவர். அரபு நூல்களில் அவர் பெயர் சிஸ்ஸா. அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசத்தோடு சேர்த்துக் கேரளத்தில் சொல்லும் கதையில் அவர் கண்ணனே. கிராமுக்கு 50 அரிசி என்று வைத்தாலும் மொத்தம் 36,000 கோடி டன்னைத் தாண்டும். இன்று உலகம் முழுவதும் விளையும் அரிசி ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குச் சேர வேண்டும்.

கதை சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது. பெரிய எண்ணுக்குப் பஞ்சமில்லை, இதோடு ஒன்றைக் கூட்டினால் இதைவிடப் பெரியது கிடைத்துவிடும். இந்த எண்ணின் அருமை அதன் உள்ளே இருக்கிறது. அது எப்படிப் பிளக்கிறது, எந்த எண்களாகப் பிளக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் ஆயிரம் ஆண்டுக் கணித வரலாற்றின் ஒரு பெரிய துண்டு அதற்குள் இருப்பது தெரியும்.

முதலில் மொத்தம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 64 எண்களை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஒரே ஒரு மணியைக் கொண்டுவந்து முதல் கட்டத்தில் போடுங்கள். அங்கே இப்போது இரண்டு. இரண்டாம் கட்டத்திலும் இரண்டு. சேர்த்தால் நான்கு, மூன்றாம் கட்டத்தில் இருப்பதும் அதேதான். சேர்த்தால் எட்டு. இப்படி ஒவ்வொரு கட்டமும் தனக்கு முன்னால் சேர்ந்த குவியலுக்குச் சமமாக நின்று அதை இரட்டித்துக்கொண்டே போகும். கடைசியில் கையில் இருப்பது 2⁶⁴. வெளியிலிருந்து வந்த ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் 2⁶⁴ − 1. நம் எண் அதுதான்.

2⁶⁴-ஐக் கணக்கிடுவதற்கும் 64 பெருக்கல் தேவையில்லை. கி.பி. 1000-ஐ ஒட்டிப் பண்டைய சமூகங்களின் காலக்கணிப்பு பற்றி எழுதிய நூலில் அல்பிரூனி இந்தக் கணக்கைச் செய்து காட்டியிருக்கிறார். ஒரு கட்டத்தின் எண்ணை வர்க்கப்படுத்தினால், அந்தக் கட்டம் முதல் கட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதிலிருந்து அதே அளவு மேலும் தள்ளி இருக்கும் கட்டத்தின் எண் கிடைக்கும் என்பது அவர் விதி. ஐந்தாம் கட்டத்தில் 16. அதை வர்க்கப்படுத்தினால் 256, அது ஒன்பதாம் கட்டம். அதன் வர்க்கம் 65,536, பதினேழாம் கட்டம். அதன் வர்க்கம் 4,29,49,67,296, முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னும் ஒரே ஒரு வர்க்கம் எடுத்தால் பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டம் வரும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் மொத்தம். ஒரு இலக்கம்கூடப் பிசகாமல் அவர் விடையைத் தந்திருக்கிறார். பாதியாக்கியும் வர்க்கப்படுத்தியும் இரண்டின் அடுக்குகளை எட்டும் இந்த உத்தி, செய்யுளில் லகு, குரு என்ற குறுகிய, நீண்ட அசைகள் சேர்ந்து வரும் வடிவங்களை எண்ணுவதற்காகப் பிங்கலரின் சந்த சாஸ்திரத்திலும் இருக்கிறது.

அல்பிரூனி மிதித்துச் சென்ற படிகளை ஒரு தடவை வரிசையாகப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65,536, 4,29,49,67,296. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297. இந்த ஆறு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கினால் நம் இருபது இலக்க எண் அப்படியே வரும்.

காரணம் பள்ளிக்கூடத்து முற்றொருமைதான். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை, கூட்டிய தொகையும் கழித்த மீதியும் பெருகிய பெருக்கமாக எழுதலாம். 2⁶⁴ ஒரு வர்க்கம், 1-ம் ஒரு வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 என்பது 2³² + 1-ம் 2³² − 1-ம் பெருகியது. அதில் இரண்டாவது மறுபடியும் அதே வடிவம், அதையும் பிளக்கலாம். 64 என்பது ஆறு தடவை பாதியாகும் எண் என்பதால் ஆறு தடவை பிளந்து கடைசியில் 1-ல் போய் நிற்கும். பலகைக்கு 64 கட்டங்கள் இருந்ததால் நமக்குக் கிடைத்த வரம் இது.

மூன்று, ஐந்து, பதினேழு, இருநூற்று ஐம்பத்தேழு, அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழு. ஐந்தும் பகா எண்கள். ஆறாவது?

1640-ல் பிரான்சில் பியெர் தெ ஃபெர்மா தன் நண்பர் ஃப்ரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வரிசையைப் பற்றிச் சொன்னார். இரண்டை வர்க்கப்படுத்திக்கொண்டே போய் ஒவ்வொரு படியிலும் ஒன்றைக் கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று அவர் நம்பினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொண்டார். முதல் ஐந்துக்கு அவர் சொன்னது சரி. அதனால்தான் இந்த வரிசையின் எண்களுக்கு இன்றும் ஃபெர்மா எண்கள் என்று பெயர்.

தொண்ணூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை அப்படியே இருந்தது. 1729 டிசம்பரில் மாஸ்கோவிலிருந்த கிறிஸ்டியான் கோல்ட்பாக், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் லியோனார்ட் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில் ஃபெர்மாவின் இந்தக் கூற்றைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். ஆய்லரை எண் கணிதத்துக்குள் இழுத்த கேள்வி என்று இதைச் சொல்வார்கள். 1732-ல் ஆய்லரின் பதில் வந்தது. 4,29,49,67,297 பகா எண் அல்ல. 641-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 67,00,417.

இதோடு நம் எண்ணின் முழுக் காரணிப்படுத்தல் முடிந்தது. 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417. ஏழு பகா எண்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை, எதுவும் திரும்ப வரவில்லை. ஆகவே இந்த எண்ணுக்கு வகுத்திகள் சரியாக 128. ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே இரண்டை ஏழு தடவை பெருக்கியது. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்து பிறந்த எண், வகுத்திகளின் எண்ணிக்கையிலும் இரண்டின் அடுக்கையே கொண்டிருக்கிறது.

641 எங்கிருந்து முளைத்தது? ஆய்லரின் விடையைச் சரிபார்க்க மட்டும் வேண்டுமானால் ஒரு பெருக்கல் போதும். ஆனால் அந்தக் காரணி ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உணர வேண்டுமானால் மறுபடியும் சதுரங்கப் பலகைக்கே போக வேண்டும். ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், இது வாசிப்பதைவிடச் செய்து பார்க்க வேண்டிய விஷயம்.

கட்டங்களில் தானியத்தை முழுதாக வைக்காமல், ஒரு பகா எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைப்போம். முதலில் 3. கட்டங்களில் 1, 2, மறுபடி 1, 2 என்றே வரும். இரண்டு கட்டத்துக்கு ஒரு சுழற்சி. 5-ஐ எடுத்தால் 1, 2, 4, 3, பிறகு மறுபடி 1. நான்கு கட்டத்துக்கு ஒரு சுழற்சி, அதாவது பலகையின் ஒரு வரிசையில் பாதி. 17-ஐ எடுத்தால் 1, 2, 4, 8, 16, 15, 13, 9. அடுத்தது 18, அதன் மீதி 1. எட்டுக் கட்டங்கள், பலகையின் ஒரு முழு வரிசை! எட்டு வரிசையிலும் அதே எட்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்ததுபோல் நிற்கும். 257-க்குச் சுழற்சி இரண்டு வரிசை. 65,537-க்கு நான்கு வரிசை, பலகையில் பாதி.

அப்படியானால் முழுப் பலகையையும் ஒரே சுழற்சியாக நிரப்பும் பகா எண் இருக்கிறதா? இருக்கிறது. 641-ஐ எடுத்துப் பாருங்கள். பத்தாம் கட்டம் வரை 512. பதினொன்றில் 1,024 வர வேண்டும், 641-ஐக் கழித்தால் 383. அடுத்து 125, 250, 500, 359, 77, 154, 308, 616, 591, 541, 441, 241, 482, 323. அதை இரட்டித்தால் 646, மீதி 5. இருபத்தாறாம் கட்டத்தில் இவ்வளவு சின்ன எண் வந்து நிற்கிறது. இனி மனக்கணக்கே போதும்: 10, 20, 40, 80, 160, 320, 640. முப்பத்து மூன்றாம் கட்டத்தில், பலகையின் இரண்டாம் பாதி தொடங்கும் அதே இடத்தில், 640. இன்னும் ஒன்று சேர்ந்தால் 641. முப்பத்து மூன்றாம் கட்டத்தில் இருப்பது 2³² அல்லவா? ஆகவே 2³² + 1-ஐ 641 மீதியின்றி வகுக்கும். பத்து இலக்க எண்ணை ஒரு தடவைகூட வகுக்காமலே ஆய்லரின் முடிவை நாம் நிரூபித்துவிட்டோம்.

இரண்டாம் பாதியில் 639, 637, 633 என்று முதல் பாதியின் எண்களே 641-லிருந்து கழிந்து திரும்ப வரும். அறுபத்து நான்கு கட்டத்திலும் ஒரே எண் இரண்டு தடவை வராது. பலகை முடிந்ததும் அறுபத்தைந்தாவது 1. 67,00,417-க்கும் இதே கதைதான், அதன் சுழற்சியும் சரியாக 64. நம் எண்ணின் ஏழு பகாக் காரணிகள் என்பவை இந்தப் பலகையில் மிச்சமின்றிப் பொருந்திச் சுழலும் ஏழு எண்கள். கால் வரிசை, அரை வரிசை, ஒரு வரிசை, இரண்டு, நான்கு, கடைசி இரண்டுக்கும் எட்டு. இப்படிப் பொருந்தும் ஒற்றைப்படைப் பகா எண் வேறு எதுவும் கிடையாது. ஏனென்றால் பொருந்தும் எதுவும் 2⁶⁴ − 1-ஐ வகுத்தே தீர வேண்டும்.

இங்கேதான் ஃபெர்மாவை நினைத்து எனக்கு ஆதங்கம் வருகிறது. இரண்டின் அடுக்குகளை ஒரு பகா எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் சுழலும், அந்தச் சுழற்சியின் நீளம் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணை வகுக்கும் என்ற விதியைக் கண்டவரே ஃபெர்மாதான். அதையும் அதே 1640-ல், அதே ஃப்ரெனிக்கிளுக்குத்தான் எழுதினார். அந்த விதியை ஆறாவது எண்ணின்மேல் வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? 2³² + 1-ன் காரணிக்குச் சுழற்சி 64. ஆகவே அந்தக் காரணியில் ஒன்று குறைத்தால் 64-ன் மடங்காக இருக்க வேண்டும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும் வரிசையில் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் விடை. சொந்தக் கையால் செய்த சாவி மேசையில் இருக்க, பூட்டைத் திறந்து பார்க்காமலே போய்விட்டார். பின்னாளில் ஆய்லர் இந்த 64-ன் மடங்கு விதியை முறையாக நிரூபித்து எழுதினார்.

1878-ல் எதுவார் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதர் அதை இன்னும் கூர்மையாக்கினார். 64 அல்ல, 128-ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தால்தான் அது காரணி. இப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் இரண்டே இரண்டு, 257-ம் 641-ம்.

அவற்றில் 257-ஐயும் சோதிக்காமலே தள்ளிவிடலாம். ஃபெர்மா எண்கள் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இருக்காது என்று 1730-லேயே கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதியிருந்தார். நிரூபணம் இரண்டு வரிதான். வரிசையில் ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தைய எல்லாவற்றின் பெருக்கத்தைவிட இரண்டு கூடுதல்: 5 என்பது 3-ம் 2-ம், 17 என்பது 15-ம் 2-ம், 257 என்பது 255-ம் 2-ம். இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும், ஆனால் இவை எல்லாமே ஒற்றைப்படை. முடிவில்லாத வரிசை ஒன்றில் ஒவ்வொரு எண்ணும் மற்றதோடு பகிராத புதுப் பகா எண்களைக் கொண்டுவந்தாக வேண்டும் என்பதால், பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்கும் இதுவே ஒரு நிரூபணம். யூக்ளிடின் நிரூபணத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது என்பது என் எண்ணம். ஆக, லூகாவின் விதியும் கோல்ட்பாக்கின் குறிப்பும் கையில் இருந்தால் முதல் முயற்சியிலேயே 641.

67,00,417 பகா எண் என்று உறுதி செய்வதும் இதே வழியில் எளிது. அதன் வர்க்கமூலம் 2,588-ஐ ஒட்டி இருக்கிறது. அதற்குள் 128-ன் மடங்கைவிட ஒன்று கூடிய பகா எண்கள், 257-ஐத் தள்ளினால், 641, 769, 1,153, 1,409 என்று நான்கு மட்டுமே. நான்கு வகுத்தலும் மீதி தரும். 1812 வாக்கில் லண்டனுக்கு அழைத்து வரப்பட்ட அமெரிக்கச் சிறுவன் ஜெரா கோல்பர்ன் 2³² + 1 என்ற பத்து இலக்க எண்ணின் இரண்டு காரணிகளையும் மனத்திலேயே கண்டு சொன்னதாக அந்நாளைய பதிவு உண்டு. அப்போது அவனுக்கு எட்டு வயது.

லூகாவின் பெயர் வந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1883-ல் ஹனோய் கோபுரம் என்ற புதிரை விளையாட்டுப் பொருளாக வெளியிட்டவரும் அவரே. மூன்று கம்பங்கள், அளவில் குறைந்துகொண்டே போகும் தட்டுகள், பெரியதைச் சிறியதன்மேல் வைக்கக் கூடாது. காசியில் ஒரு கோயிலில் 64 பொன் தட்டுகளை அந்தணர்கள் இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் முடியும் என்ற கதையும் அந்தப் புதிரோடு பரவியது. காசியில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை, அது பிரான்சில் புனைந்த கதை. ஆனால் கணக்கு உண்மை. 64 தட்டுகளை மாற்றக் குறைந்தது 2⁶⁴ − 1 நகர்த்தல்கள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான். நம் எண்ணைப் பொழுதுபோக்காக உலகுக்குக் கொடுத்தவரும், அதன் உள்ளே 641-ஐ நேராகச் சுட்டும் விதியைக் கண்டவரும் ஒரே மனிதர் என்பது எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்.

பலகையின் மேல்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் மொத்தம் 2³² − 1, அதாவது 4,29,49,67,295. அது 3, 5, 17, 257, 65,537 ஐந்தின் பெருக்கம். இதற்கு வடிவியலில் ஒரு தனி இடம் உண்டு.

1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் தன் நாட்குறிப்பைத் தொடங்கினார். அதன் முதல் பதிவு 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தைப் பற்றியது. கவராயமும் அளவு குறிக்காத வரைகோலும் மட்டும் கொண்டு அதை வரைய முடியும் என்று அவர் கண்டார். முக்கோணமும் ஐங்கோணமும் பதினைங்கோணமும் கிரேக்கர்களுக்கே தெரியும், அதன்பின் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புதிதாக எதுவும் சேரவில்லை. மொழியியலா கணிதமா என்று தயங்கிக்கொண்டிருந்த இளைஞரை இந்தக் கண்டுபிடிப்புதான் கணிதத்தின் பக்கம் திருப்பியது. பிரவுன்ஷ்வைக் நகரில் அவருக்கு வைத்த நினைவுச் சின்னத்தில் பதினேழு முனை நட்சத்திரம் பொறித்திருக்கிறார்கள்.

கவராயமும் வரைகோலும் செய்யக்கூடியது அடிப்படையில் வர்க்கமூலம் எடுப்பது மட்டுமே. பகா எண் அளவு பக்கங்கள் உள்ள பலகோணத்தில், அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வரும் எண் இரண்டால் மட்டுமே பிளந்து பிளந்து முடிய வேண்டும். 17-ல் ஒன்று குறைந்தால் 16, சரி. 7-ல் ஒன்று குறைந்தால் 6, அதில் 3 குறுக்கே நிற்கிறது, ஆகவே எழுகோணம் வரைய முடியாது. இந்த நிபந்தனைக்கு ஒத்துவரும் ஒற்றைப்படைப் பகா எண்கள் ஃபெர்மா பகா எண்கள் மட்டுமே. நமக்குத் தெரிந்தவை அந்த ஐந்துதான். அவற்றில் ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் எடுக்காமல் பெருக்கினால் 31 எண்கள் கிடைக்கும். வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் என்று இன்று தெரிந்தவை இந்த 31. அவற்றில் மிகப் பெரியது 4,29,49,67,295 பக்கங்கள் கொண்டது. 1801-ல் காஸ் இந்த நிபந்தனையை நூலில் வெளியிட்டார். இதற்கு வெளியே எதையும் வரைய இயலாது என்ற மறுபாதியை 1837-ல் பியெர் வான்ட்செல் நிரூபித்தார். ஜோஹான் ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை எழுத்தில் வடிக்கச் சுமார் பத்தாண்டுகள் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

நம் முழு எண்ணுக்கு அந்தப் பேறு இல்லை. 641-ல் ஒன்று குறைந்தால் 640, அதற்குள் ஒரு 5 இருக்கிறது. 2³² − 1 பக்கம் வரை கூடவே வந்த கவராயம் 2⁶⁴ − 1-ல் நின்றுவிடுகிறது.

பாதிப் பலகையின் எண்ணும் முழுப் பலகையின் எண்ணும் மேரு பிரஸ்தாரத்திலும் தெரியும். பாஸ்கல் முக்கோணம் என்று பாடநூல்கள் சொல்வது அதைத்தான். அதில் ஒற்றைப்படை எண்ணுக்கு 1, இரட்டைப்படைக்கு 0 என்று எழுதி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் வரியின் 1-ஐ விட்டால், முப்பத்திரண்டாம் வரி வரை வருபவை அதே 31 பலகோண எண்கள், அளவு வரிசை மாறாமல். முப்பத்திரண்டாம் வரி முழுக்க 1, அதுதான் 2³² − 1. அறுபத்து நான்காம் வரியும் முழுக்க 1. அங்கே நிற்பது நம் எண்.

கணினிக்குள் இந்த எண் எங்கே வருகிறது என்று கேட்டால், 64 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் என்பது உடனே வரும் பதில். 2014 டிசம்பரில் யூடியூப் தன் பார்வைக் கணக்கை 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக அறிவித்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வைகள் 2,14,74,83,647-ஐ எட்டியபோது நடந்தது அது. அந்த எண் 2³¹ − 1, முழுக்க முழுக்கப் பகா எண். அதை 1772-ல் நிரூபித்தவரும் ஆய்லர்தான். 31 பகா எண் என்பதால் மேலே கண்ட பிளவு உத்தி அதனிடம் செல்லாது.

ஆனால் நம் எண்ணின் ஏழு காரணிகளும் நேரடியாக வேலை செய்யும் இடம் வேறு. கணினியில் தற்செயல் எண்களை உண்டாக்கும் ஒரு வகை நிரல், 64 பிட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு அடியிலும் அவற்றை நகர்த்தி, ஒன்றோடொன்று கலந்து புது நிலையை உண்டாக்கும். ஜார்ஜ் மார்சாக்லியா 2003-ல் வெளியிட்ட முறை இவ்வகையில் புகழ்பெற்றது. எல்லாமே சுழியாக இருக்கும் நிலையை விட்டுவிட்டால் மீதி நிலைகள் 2⁶⁴ − 1. நல்ல நிரல் அத்தனை நிலைகளையும் சுற்றிவந்த பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படித்தான் செய்கிறதா என்று ஓடவிட்டுப் பார்க்க முடியாது. நொடிக்கு நூறு கோடி அடி வைத்தாலும் 584 ஆண்டுகள் ஆகும்.

இங்கே அல்பிரூனியின் வர்க்க உத்தி கைகொடுக்கிறது. ஓர் அடியின் விளைவை வர்க்கப்படுத்தினால் இரண்டு அடி, அதை வர்க்கப்படுத்தினால் நான்கு அடி. சில நூறு கணக்குகளில் 2⁶⁴ − 1 அடிகளுக்கு அப்பால் நிரல் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும். தொடங்கிய இடத்திலேயே நின்றால், சுழற்சியின் நீளம் அந்த எண்ணின் 128 வகுத்திகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். குறுகிய சுழற்சி இல்லை என்று காட்ட 127 வகுத்திகளையும் சோதிக்க வேண்டியதில்லை. நம் எண்ணை 3-ஆல், 5-ஆல், 17-ஆல், 257-ஆல், 641-ஆல், 65,537-ஆல், 67,00,417-ஆல் வகுத்து வரும் ஏழு தூரங்களில் நிரல் தொடக்கத்துக்குத் திரும்பவில்லை என்று பார்த்தால் போதும். ஏழே சோதனைகள். காரணிகள் தெரியாவிட்டால் இந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது. 1732-ல் யாருக்கும் எந்தப் பயனும் தராத ஆர்வமாக ஆய்லர் கண்டெடுத்த 641, இன்று அந்த ஏழில் ஒன்று.

பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். நம் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் 2⁶⁴ + 1, ஏழாவது ஃபெர்மா எண். அதுவும் பகா எண் அல்ல. 2,74,177-ஆல் வகுபடும், ஈவு 6,72,80,42,13,10,721. 1880-ல் இதை வெளியிட்ட ஃபோர்ட்யூனே லாண்ட்ரிக்கு அப்போது வயது 82. கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1855-ல், வானியலாளர் தாமஸ் கிளாவ்சன் அதே காரணிகளைக் கண்டு காஸுக்கு எழுதியிருந்தது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. எட்டாவதான 2¹²⁸ + 1-ஐப் பிளக்கக் கணினி தேவைப்பட்டது, 1970-ல் மைக்கேல் மாரிசனும் ஜான் பிரில்ஹார்ட்டும் அதைச் செய்தார்கள்.

அந்த முதல் ஐந்துக்குப் பிறகு இன்னொரு ஃபெர்மா பகா எண் கிடைக்கவே இல்லை. தொடர்ந்து வரும் 28 எண்களும் பகு எண்கள் என்று நிரூபணமாகிவிட்டது. அவற்றில் இரண்டு மிக விசித்திரமானவை. இரண்டின் அடுக்கு 10,48,576 ஆகவும் 1,67,77,216 ஆகவும் வருபவை அவை. இரண்டும் பகு எண்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எதனால் வகுபடும் என்று ஒரு காரணிகூட இன்றுவரை தெரியாது. 1877-ல் தெயோஃபில் பெப்பேன் தந்த சோதனை, காரணியைக் காட்டாமலே பகு எண் என்று தீர்ப்பளித்துவிடுகிறது.

அந்த 28-க்கு அடுத்து நிற்பது இரண்டின் அடுக்கு 8,58,99,34,592 ஆக வரும் எண். அது பகா எண்ணா பகு எண்ணா என்பது முடிவாகவில்லை. எழுதினால் சுமார் 258 கோடி இலக்கங்கள் வரும் என்பதால் பெப்பேன் சோதனையை அதன்மேல் ஓட்டுவது இன்றைய கணினிகளுக்கும் கைக்கெட்டாத வேலை. அதன் காரணியைத் தேடுகிறவர்கள் லூகாவின் விதியைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். காரணி இருந்தால் அது 2³⁵-ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். அந்த மடங்குகளை ஒவ்வொன்றாகச் சலித்துக்கொண்டிருக்கிறார்கள்.